பெட்ரோல் போட்டுகினு வரேன்

ரங்கனின் இடது கையில் பச்சை குத்தியிருந்தது என்னுடைய கடை போன் நம்பர். இரும்புலியூரில் பதினோரு வருஷம் எஸ்.டி.டி. பூத் வைத்து நான் சம்பாதித்த பெருமை அது ஒன்றுதான். காதலி பேரைக் குத்திக்கொள்வார்கள், கட்சிச் சின்னத்தைக் குத்திக்கொள்வார்கள். ஜெபகுமாரின் பூத் நம்பரைக் குத்திக்கொண்டவன் உலகத்தில் ஒருத்தன்தான்.

குத்த வைத்தவள் அவன் அம்மா அங்காளம்மா. ரங்கனுக்கு உடம்பு வளர்ந்த அளவுக்குப் புத்தி வளரவில்லை. ஒருமுறை தாம்பரம் ஸ்டேஷனில் கையை விட்டுவிட்டுப் போனவனை நான்கு நாள் கழித்துச் செங்கல்பட்டில் கண்டுபிடித்தாள். அடுத்த நாளே மீன் செதில் ஒட்டிய கையோடு என் கடை வாசலில் வந்து நின்றாள். "சாரு, உங்க கடை நம்பர பெர்சா எய்தி குடு. வெளியூர்லேர்ந்து அடிச்சாலும் கெடைக்கிற மாரி எய்து." நான் ஒரு அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு (044) முதற்கொண்டு எழுதிக் கொடுத்தேன். பிறகு டெலிபோன் டிபார்ட்மெண்டில் எல்லா நம்பருக்கும் முன்னால் ஒரு இரண்டைச் சேர்த்தார்கள். பெரிய மனுஷர்களே விசிட்டிங் கார்டை மாற்றாமல் பேனாவால் திருத்திக்கொண்டு திரிந்த நேரத்தில், அங்காளம்மா பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் அந்த இரண்டையும் குத்திக்கொண்டு வந்தாள். அவன் கத்திய கத்தலில் அது மட்டும் கோணலாக, பெரிதாக விழுந்துவிட்டது.

சாயங்காலம் வியாபாரம் முடிந்ததும் பாடம் நடக்கும். அவர்கள் வீடு என் கடைக்கு நேர் எதிரே என்பதால் எனக்கும் மனப்பாடம்.

"காணாப் பூட்டா இன்னாடா பண்ணுவே?"

"கைய காட்டுவேன்."

"யாராண்ட?"

"போன் கீற கடையாண்ட."

"இன்னா சொல்லுவே?"

"எங்க அம்மாவ கூப்டு."

சரியாகச் சொன்னால் ஒரு போண்டா. அவன் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை.

கோவளத்துப் பக்கம் பிறந்தவள் அங்காளம்மா. புருஷன் செத்த பிறகு இங்கே வந்து ரயில்வே கேட் அருகில் மீன் விற்றாள். விடியுமுன் லோடு ஆட்டோவில் காசிமேடு போய்க் கூடையோடு திரும்புவாள். அவள் அரிவாள்மனையில் அறுப்பாள், பக்கத்தில் உட்கார்ந்து ரங்கன் செதில் சுரண்டுவான். ஒரு கட்டையில் சோடா மூடிகளை வரிசையாக ஆணி அடித்து வைத்திருப்பான், அதுதான் சுரண்டி. உட்காருமுன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அம்மா திட்டுவாள், சட்டையெல்லாம் கவிச்சி அடிக்கும் என்று. சோற்றில் கை வைக்கும்போதும் அப்படித்தான். அரைக்கைச் சட்டையே போட்டிருந்தாலும் இல்லாத கையைச் சுருட்டுவான்.

அவனுக்கு அடுத்தவன் இளமாறன். மறைமலைநகர் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை, முப்பத்தொரு வயது. ஒரு பழைய சுசுகி வைத்திருந்தான். கடைக்குட்டி புஷ்பலதாவுக்கு இருபத்தொன்பது. அவளுக்குக் கல்யாணம் ஆகாமல் இவன் பண்ணிக்கொள்ள முடியாது. அவளுக்கு ஏன் ஆகவில்லை என்றால், ரங்கன்.

போன வருஷம் வந்த மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது ரங்கன் வெளியே போய் மாப்பிள்ளையின் பைக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டான். பைக் என்றால் அவனுக்கு உயிர். மூன்று மணி நேரம் இறங்கவில்லை. இழுத்த தாய்மாமன் கையைக் கடித்துவிட்டான். "பொறக்கற கொயந்தையும் கடிக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இந்த வருஷம் ஆவணியில் கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு இடம் வந்தது. தரகர் சிட்டிபாபு சொல்லிவிட்டார்: "ஒரு புள்ள, ஒரு பொண்ணுன்னு சொல்லிக்கீறேன். வெள்ளிக்கெழம வராங்கோ. அவன எங்கனா அனுப்பிடு." இளமாறனின் கம்பெனியில் யாரோ மணப்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு விடுதி இருப்பதாகச் சொன்னார்கள். இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்வார்களாம். கல்யாணம் முடியும் வரை அங்கே விட்டுவைக்கலாம் என்று அங்காளம்மா சம்மதித்தாள். பஸ்ஸில் ஏற்றினால் ரங்கன் ஜன்னல் வழியே குதிப்பான். பைக்கில் என்றால் டெல்லிக்கும் வருவான்.

திங்கட்கிழமை விடியற்காலை கிளம்பினார்கள். ரங்கனுக்குத் தன்னுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுவிட்டிருந்தான் இளமாறன். ரங்கன் வண்டியில் தூங்கிவிடுவான் என்பதால் நீளத் துண்டு ஒன்றால் அவனையும் தன்னையும் சேர்த்து இடுப்பில் கட்டி முன்பக்கம் முடிச்சுப் போட்டுக்கொண்டான். ரங்கன் எனக்கு டாட்டா காட்டினான். "ஊருக்கு போறோம் சாரு! நீ வர்ல? எடம் இல்ல!" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு என் போன் அடித்தது.

"ஏங்க, மெட்ராஸுங்களா? நான் தொழுதூர் தாண்டி டீக்கடைங்க. இங்க ஒரு ஆளு கையில இந்த நம்பர் பச்ச குத்தியிருக்குதுங்க. அம்மாவ கூப்பிடுங்கிறாரு."

தொழுதூர் டீக்கடையில் ரங்கன் நிற்கிறானாம் என்று நான் எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினேன். அங்காளம்மா ஓடிவந்தாள். பின்னாலேயே புஷ்பலதா, கையில் அரிசி மாவோடு. வெள்ளிக்கிழமைக்கு முறுக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் அங்காளம்மா மீன் வியாபாரம் செய்யவில்லை. கையில் கவிச்சி போக வேண்டும் என்று இரண்டு நாளாகப் புளியும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ரிசீவரை வாங்கினாள். "ஐயோ, வண்டி எங்கனா அடிபட்டுச்சா? இன்னாத்துக்கு என் புள்ள அங்க கீறான்?"

டீக்கடைக்காரர் சத்தமாகப் பேசுகிறவர். எனக்கும் கேட்டது. "அடியெல்லாம் இல்லம்மா. ரெண்டு பேரு பைக்குல வந்தாங்க. இவருக்கு பன்னும் டீயும் வாங்கிக் குடுத்துட்டு, பெட்ரோல் போட்டுட்டு வரேன்னு அந்தத் தம்பி தெக்க பாத்து போனாரு. பங்கு அந்தப் பக்கம்தான். ஆனா கொஞ்ச நேரத்துல அதே தம்பி எதிர் ரோட்டுல வடக்க பாத்து வேகமா போறத என் சம்சாரம் பாத்திருக்கு. ஒரு மணி நேரமாச்சு. இவரு பன்ன திங்கறதுக்கு சட்டக் கைய சுருட்டினாரு, அப்பதான் நம்பர பாத்தேன். உங்க ஆளுதானம்மா?"

அங்காளம்மா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பின்னால் ரங்கனின் குரல் கேட்டது. உற்சாகமாக, பாடம் ஒப்பிக்கும் குரல். "கைய காட்டுனேன்! எங்க அம்மாவ கூப்டு! கைய காட்டுனேன்!"

அவள் திரும்பிப் புஷ்பலதாவைப் பார்த்தாள். அந்தப் பெண் தலைகூட அசைக்கவில்லை. மாவு அப்பிய கையை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றாள். இருபத்தொன்பது வயதுப் பெண் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

"இல்லீங்க," என்றாள் அங்காளம்மா. "எங்க வூட்ல அந்த மாரி ஆளு யாரும் இல்ல. எனுக்கு ஒரு புள்ள, ஒரு பொண்ணு."

"என் புள்ளன்னு இப்ப நீங்கதானம்மா..."

"நம்பரு தப்புங்க."

ரிசீவரை வைத்தாள். நம்பரே தெரியாத தூரத்தில் சிலருக்குப் பிள்ளைகள் தொலைகிறார்கள். இவள் நம்பரைக் குத்தி, திருத்திக் குத்தி, போண்டா கொடுத்துப் பழக்கி, அது ஒருநாள் வேலை செய்தபோது தப்பு என்று சொல்லிவிட்டாள். அட பாவி என்று வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"வெள்ளிக்கெழம தாண்டட்டும் சாரு," என்றாள். "சனிக்கெழம காலைல நானே போயி இட்டாந்துடுவேன். அந்த டீக்கடைக்காரு நல்ல மாரிதான் பேசறாரு. சோறு கீறு போடுவாரு. அதுவரிக்கும் போன் வந்தா நீ அதான் சொல்லணும். என் பொண்ணுக்காவ." என் கையைப் பிடித்துக்கொண்டாள். எலுமிச்சம்பழ வாசனையும், அதற்கு அடியில் மீனும் அடித்தன. நான் சரி என்றேன்.

இளமாறன் அன்று மாலை ஆறு மணிக்குத் திரும்பினான். அந்த ஏழு மணி நேரம் அவன் எப்படி ஓட்டி வந்தான் என்பதை அடுத்த நாள் காலையில் என்னிடம் சொன்னான்.

விடுதியில் டாக்டர் லெட்டர் கேட்டிருக்கிறார்கள், இடமும் இல்லை என்றிருக்கிறார்கள். கேட்டுக்கு வெளியே நின்று கெஞ்சியிருக்கிறான். காவல்காரன் உள்ளே விடவே இல்லை. திரும்பி வரும் வழியில்தான் அந்த எண்ணம் வந்தது. துண்டு முடிச்சை அவிழ்த்தது, பன் வாங்கிக் கொடுத்தது, சட்டைக் கை இரண்டுக்கும் தானே பட்டன் போட்டுவிட்டது எல்லாம் அவன்தான். ரங்கன் சாப்பிடுமுன் கை சுருட்டுவான் என்பது மட்டும் மறந்துவிட்டது. வடக்கே கிளம்பினால் ரங்கன் பின்னால் ஓடிவருவான் என்று, முதலில் தெற்கே பங்க் பக்கம் போய், ஒரு கொல்லை வழியாகச் சுற்றி எதிர் ரோட்டைப் பிடித்திருக்கிறான்.

நால்வழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்த வருஷம். இருபது மைலுக்கு ஒரு டைவர்ஷன், தூசி, தார் கொப்பரைப் புகை. விழுப்புரம் வரைக்கும் ஒன்றும் தோன்றவில்லையாம். விக்கிரவாண்டியில் டீ குடிக்க இறங்கியபோதுதான் பார்த்தான், துண்டை மறுபடியும் தன் இடுப்பில் கட்டியிருந்தான். எப்போது கட்டினான் என்று தெரியவில்லை.

"டேங்க் மேலயே குந்திகினு ஓட்றேண்ணா. பின்னால சீட்டு பூரா காலியா கீது, ஆனா நான் பின்னால நவுர்ல. அவன் இருந்தா அப்டித்தான் ஓட்டணும், குண்டா கீறான் இல்ல? ஸ்பீட் பிரேக்கர் வந்தா, புடிச்சிக்கோடான்னு வாய் தானா சொல்லுது. மதுராந்தகத்தாண்ட சத்தமா சொல்ட்டேன். பக்கத்துல போனவன் திரும்பி பாக்கறான்."

"திரும்பிப் போயிருக்கலாமே தம்பி?"

"திண்டிவனத்துல திருப்பினேண்ணா. சத்தியமா திருப்பினேன். ரெண்டு கிலோமீட்டர் போனேன். அப்றம் லதா மூஞ்சி நெனப்பு வந்துச்சு. எனுக்கும் முப்பத்தொண்ணு ஆவுதே, அதுவும் நெனப்பு வந்துச்சு. பொய் சொல்லி இன்னா ஆவப்போது. மறுபடி இந்தாண்ட திருப்பிட்டேன்."

அன்று மாலை அவன் வந்து இறங்கியபோது வானம் கறுத்து, மழை வருகிற மாதிரி இருந்தது. முகமெல்லாம் செம்மண். என் கடை வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன், கேட்டேன். வேறு எங்கே போவது? அங்காளம்மா கதவருகில் நின்றாள்.

"உட்டுட்டியா?"

"உட்டுட்டேம்மா."

"எடம் எப்டி?"

"நல்ல எடம்மா. பெரிய கட்டடம். சுத்தி தென்ன மரம்."

"கை கால கய்விகினு வா. நெத்திலி கொயம்பு வெச்சிக்கீறேன்."

தட்டைப் போட்டாள். அவன் சாப்பிடச் சாப்பிடக் கேட்டாள். எல்லாம் தெரிந்துகொண்டே கேட்டாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"படுக்கறதுக்கு?"

"கட்டிலும்மா. தனித்தனி கட்டில்."

"ஃபேன் கீதா? அவனுக்கு வேர்த்தா தூக்கம் வராது."

"கீதும்மா. ஒரு ரூமுக்கு ரெண்டு."

"சோறு?"

"மூணு வேள. புதங்கெழம முட்டகூட உண்டாம்."

"அய்தானா?"

"இல்லம்மா. சிரிச்சிகினு டாட்டா காட்டினான்."

"அப்ப சரி," என்றாள் அங்காளம்மா. புஷ்பலதா அடுப்படியில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். எண்ணெய்ச் சத்தம் மட்டும் கேட்டது.

இரவெல்லாம் மழை. புதன்கிழமை காலை கடை திறக்கும்போது இளமாறன் படியில் உட்கார்ந்திருந்தான். தூங்கவில்லை என்று கண் சொன்னது. எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினான். "மழைல எங்க நின்னானோண்ணா. இப்ப கெளம்பினா மத்தியானத்துக்குள்ள போயிடுவேன். எது ஆனாலும் ஆவட்டும், இட்டாந்துடறேன்," என்றான். அப்போதும் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூடவேண்டிய நேரத்தில் திறப்பதும் திறக்கவேண்டிய நேரத்தில் மூடுவதும்தான் என் ஜாதகம். போன் வந்ததையும் அவன் அம்மா சொன்னதையும் சொல்லிவிட்டேன்.

அவன் போனைப் பார்த்தான். பிறகு எழுந்து எதிர்வீட்டுக்குப் போனான். அங்காளம்மா வாசலில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் போயி ரங்கன இட்டாந்துடறேன்."

"எதுக்கு?" நிமிராமலே கேட்டாள்.

"இல்லம்மா, மனசு கேக்கல."

"நல்ல எடம்னு சொன்னியே. கட்டிலு கீது, ஃபேனு கீது, மூணு வேள சோறு கீது. அய்வாம டாட்டா காட்டினான்னு சொன்னே. அப்றம் இன்னாத்துக்கு மனசு கேக்கல?"

"அம்மா, அது வந்து..."

"இன்னா வந்து? நீ சொன்னது நெசமா, பொய்யா?" இப்போது நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. "சொல்றா. பொய்யின்னா பொய்யின்னு சொல்லு, நானும் உங்கூட வண்டில ஏறிடறேன்."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். உள்ளே புஷ்பலதா வெள்ளிக்கிழமைக்குக் கட்டவேண்டிய புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை அழுத்தி நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்து நின்றாள். புடவை தீய்கிற வாசனை வந்ததும்தான் பெட்டியை எடுத்தாள்.

"நெசந்தாம்மா," என்றான் இளமாறன்.

"அப்ப புதங்கெழம இன்னிக்கி. முட்ட துன்னுவான். நீ வேலைக்கு போ."

அன்று மதியம் இரண்டாவது போன். பெரம்பலூரில் ஒரு பரோட்டாக் கடை. கையில் நம்பர் குத்திய ஆள், லாரியில் வந்து இறங்கினாராம். பெட்ரோல் பங்க் எங்கே, பங்க் எங்கே, தம்பி அங்கேதான் இருக்கிறான் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாராம். "ராங் நம்பர்" என்றேன். வியாழக்கிழமை சாயங்காலம் மூன்றாவது போன், சமயபுரம் தாண்டி. ஒரு பெண் பேசினாள். "காய்ச்சலாட்டம் இருக்குதுங்க" என்றாள். "ராங் நம்பர்" என்றேன். இரண்டு நாள் அங்கேயே வைத்திருங்கள் அம்மா, வந்து கூட்டிப்போகிறோம் என்று நான் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. தோன்றாமல் இல்லை. சொன்னால் அது என் விவகாரமாகிவிடும் என்று பயந்தேன். அவள் ஒரு தடவை, நான் இரண்டு தடவை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் நான். ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்த சீஷனின் கதையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஒன்று மட்டும் புரிந்தது. அவன் வீட்டுக்கு வரவில்லை. தம்பி போன திசையில் தம்பியைத் தேடி, தெற்கே தெற்கே போய்க்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை கீழ்க்கட்டளைக்காரர்கள் வேனில் வந்தார்கள். என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள், ஊர்ப் பெரிய மனுஷன் என்று. பெண்ணைப் பிடித்துவிட்டது. தட்டு மாற்ற நாள் பேசினார்கள். அந்த மாப்பிள்ளையின் அம்மா சாவித்ரி நல்ல பொம்பளை. முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டாள்:

"பெரியவரு எங்க காணோம்?"

தரகர் சிட்டிபாபுவுக்குப் புரையேறியது. "பெரியவரா? எந்தப் பெரியவரு?"

"அட, இன்னாத்துக்கு மறைக்கறீங்கோ? ரயில்வே கேட்டாண்ட அஞ்சாறு தபா இவங்கிட்டதான் மீன் வாங்கிகீறேன். அந்தப் புள்ளதான் செதிலு எடுத்து குடுக்கும். தங்கமான புள்ள. ஒரு வூடுன்னா ஒண்ணு முன்ன பின்ன இருக்கத்தான் செய்யும். எங்க நாத்தனாரு பொண்ணுகூட அப்டித்தான், எங்களோடதான் கீது. கல்யாணத்துல பொண்ணுக்கு மூத்த அண்ணன் நிக்கணும் இல்ல?"

இளமாறன் எழுந்து வெளியே போனான். புஷ்பலதா குனிந்த தலை நிமிரவில்லை, புடவைக் கொசுவத்தில் தீய்ந்த இடத்தை விரலால் மூடிக்கொண்டாள்.

"வெளியூர்ல கீறான்," என்றாள் அங்காளம்மா. "வருவான்."

வெளியே சுசுகி கிளம்புகிற சத்தம் கேட்டது. சனிக்கிழமை வரைக்கும் அவன் காத்திருக்கவில்லை.

நான்கு நாள் தேடினான். தொழுதூர், பெரம்பலூர், சமயபுரம், திருச்சி, அந்த வழியில் இருக்கிற அத்தனை பங்க், அத்தனை டீக்கடை, அத்தனை ஆஸ்பத்திரி. தொழுதூர் டீக்கடைக்காரர் அவனை அடையாளம் கண்டு முகத்தில் காறித் துப்பினாராம். துடைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போனான் என்று கேட்டானாம். அங்காளம்மா அந்த நான்கு நாளும் என் கடைப் படியில் உட்கார்ந்திருந்தாள். போன் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் எழுந்தாள். வாடிக்கையாளர் யாராவது அதிக நேரம் பேசினால், "வெச்சித் தொலைய்யா, லைன் பிஸின்னு வருமே!" என்று கத்தினாள். அதன்பிறகு அந்த நம்பருக்கு ரங்கனைப் பற்றி ஒரு போனும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை சுசுகி சத்தம் கேட்டது. அவள் தெருவுக்கு ஓடினாள். இளமாறன் டேங்க் மேல் ஏறி உட்கார்ந்துதான் ஓட்டிவந்தான், பின்னால் ஒருத்தருக்கு இடம் விட்டு. இடுப்பில் துண்டு. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, சீட்டைப் பார்த்தாள். பிறகு கிட்டப் போய், சின்னப் பிள்ளைக்கு அரைஞாண் அவிழ்க்கிற மாதிரி அந்தத் துண்டு முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

ஐப்பசியில் பீர்க்கன்கரணை ஏரிக்கரை மண்டபத்தில் கல்யாணம். பந்தியில் சாவித்ரி அம்மாள் அங்காளம்மா கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டாள். "இன்னா சம்பந்தி, பெரிய புள்ளைய கூட்டாரவே இல்லியே?"

நான் பக்கத்து இலையில் இருந்தேன். இளமாறன் சாம்பார் வாளியோடு எதிரே நின்றான்.

"கூப்டாச்சு சம்பந்தி, அவன்தான் வர மாட்டேன்ட்டான்," என்றாள் அங்காளம்மா. முகத்தில் சிரிப்புகூட இருந்தது. "அந்த எடம் அவனுக்கு அவ்ளோ புடிச்சி பூட்ச்சி. பெர்ய கட்டடம், சுத்தி தென்ன மரம், தனிக் கட்டிலு. ஒரு ரூமுக்கு ரெண்டு ஃபேனு. மூணு வேள சோறு. கேளு இவன," என்று இளமாறனைக் காட்டினாள். "இவன்தான் உட்டுட்டு வந்தான். புதங்கெழமன்னா முட்டகூட குடுக்கறாங்களாம். இல்லடா?"

"ஆமாம்மா," என்றான் இளமாறன். என் இலையில் சாம்பாரை ஊற்றினான்.